எம்டன் குண்டும் ஏலக்காரர் போட்ட வார்த்தையும்

போன இதழில் “வீட்டில் பழைய ராணுவப் பதக்கமோ சாமானோ இருந்தால் எழுதுங்கள்” என்று ஒரு வரி போட்டாலும் போட்டேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஆன்லைன் ஏலத்தில் வாங்கியது, வாங்கப்போவது, வாங்கி மாட்டிக்கொண்டது பற்றித்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே.

என்னைத் தெரியாத புது வாசகர்களுக்கு: நான் நிபுணன் இல்லை. முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவன். சாயங்காலமானால் மூர் மார்க்கெட். 1985-ல் அது எரிந்துபோகும்வரை அங்கே பழைய மெடல் விற்கும் பாய் ஒருவரின் கடை வாசலில் ஸ்டூல் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு. ஒரு பூதக்கண்ணாடி, நுணுக்கமாக அளக்க ஒரு வெர்னியர் காலிபர், ஒரு காந்தம். அவ்வளவுதான் ஆயுதங்கள்.

கே: ஐயா, ஆன்லைன் ஏலத்தில் “1914 மெட்ராஸ் குண்டுவீச்சு காலத்து எம்டன் ஷெல், கனமான பித்தளை, சென்னைக் குடும்பம் ஒன்றின் சேகரிப்பிலிருந்து” என்று ஒன்று வந்திருக்கிறது. ஏலம் இப்போது 38,000 ரூபாயில் நிற்கிறது. ஞாயிறு ராத்திரி முடிகிறது. படங்களை இணைத்திருக்கிறேன். கேட்கலாமா? – வாசகர், பெரம்பூர்

ப: ஞாயிறு ராத்திரி நேரத்தோடு படுத்துத் தூங்குங்கள்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன், மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. “அவன் பெரிய எம்டன்” என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த எம்டன். இதெல்லாம் உண்மை. இந்த உண்மையைத்தான் ஏலக்காரர் ஒரு பித்தளைக் குழாயோடு சேர்த்து 38,000-க்கு விற்கிறார்.

இனி சாமானைப் பார்ப்போம். பீரங்கித் தோட்டாவுக்கு இரண்டு பாகம். முன்னால் இருக்கும் இரும்புக் குண்டு பறந்துபோய் வெடிக்கும். பின்னால் இருப்பது வெடிமருந்து அடைத்த பித்தளைக் கூடு. சுட்டதும் கூடு பீரங்கியின் பின்பக்கமாக வெளியே விழும், எங்கும் பறக்காது. தீபாவளிக்கு ராக்கெட் விடுகிறோம். அது அடுத்த தெருவில் போய் விழுகிறது, பாட்டில் நம் வாசலிலேயேதானே நிற்கிறது? அந்தப் பாட்டில்தான் உங்கள் படத்தில் இருப்பது. எம்டன் சுட்ட அன்றைக்கு அதன் பித்தளைக் கூடுகள் எம்டனின் மேல்தளத்தில்தான் உருண்டிருக்கும். மெட்ராஸ் கரையில் வந்து விழுந்தது இரும்புக் குண்டு. ஆகவே “மெட்ராஸில் விழுந்த எம்டன் பித்தளை” என்று ஒருவர் விற்க வந்தால், அது எப்படி விழுந்தது என்று முதலில் அவர்தான் சொல்ல வேண்டும்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் புத்திசாலித்தனமாக அடிப்பாகத்தின் படத்தையும் கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். “18 பி.ஆர்.” என்று அச்சு. பதினெட்டு பவுண்டர், பிரிட்டிஷ் தரைப்படையின் பீரங்கி. பக்கத்தில் “சி.எஃப்.”, கார்டைட் மருந்து முழு அளவு அடைத்தது என்பதற்கான குறி. அப்புறம் கோழிக்கால் மாதிரி ஓர் அம்பு. அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து முத்திரை. ஜெர்மன் கப்பலின் தோட்டாவில் அதற்கு என்ன வேலை? கீழே வருஷம் போட்டிருக்கிறது: 1916. எம்டனை ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி கோகோஸ் தீவில் அடித்து நொறுக்கியது 1914 நவம்பர் 9-ல்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், இன்னொரு நாள் உதவும். எம்டனின் பீரங்கிகள் 105 மில்லிமீட்டர் வாய். பதினெட்டு பவுண்டருக்கு 84. சாதாரண ஸ்கேல் போதும். கூட்டின் வாயை அளக்க வேண்டும், அடிவிளிம்பை அல்ல. அடி எப்போதும் அகலமாகத்தான் இருக்கும்.

விவரத்தை இன்னொரு தடவை படியுங்கள். “எம்டன் சுட்டது” என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. “குண்டுவீச்சு காலத்து” என்றால் முதல் உலகப்போர்க் காலம், 1916-ஐயும் அதில் அடக்கிவிடலாம். “எம்டன் ஷெல்” என்பது தலைப்பு, தலைப்புக்கு யார் பொறுப்பு? “சென்னைக் குடும்பம்” என்றால் எந்தக் குடும்பம்? ஏலக்காரர் வேளச்சேரியில் இருந்தால் அவர் குடும்பமும் சென்னைக் குடும்பம்தான். மூன்று துண்டுகளையும் நீங்களே ஒட்டிக்கொண்டீர்கள். நாளைக்குச் சண்டைக்குப் போனால் “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்பார். அதுவும் சரிதான்.

அந்தக் கூடு பொய்ச் சாமான் இல்லை. நல்ல முதல் உலகப்போர்க் கூடு, சுமார் முப்பது சென்டிமீட்டர் உயரம், பூ வைத்தால் அழகாக இருக்கும். பித்தளை எடைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கலாம். எம்டன் என்ற சொல்லுக்குத் தனியாக முப்பதாயிரம் கொடுக்காதீர்கள். நிஜ எம்டன் சில்லு என்றால் பெயரும் வருஷமும் இல்லாத இரும்புத் துண்டு. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பழைய தாள் ஒன்றுதான் அதற்குச் சாட்சி. தாள் இல்லாத சில்லுக்கும் பட்டறை வாசலில் கிடக்கும் இரும்புக்கும் வித்தியாசம் சொல்ல என்னால் ஆகாது. உயர் நீதிமன்றச் சுவரில் எம்டன் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. பெரம்பூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: என் மகன் பிறந்தநாளுக்கு 1885-ம் வருஷத்து லண்டன் ராணுவத் திசைகாட்டி ஒன்றை ஏலத்தில் எடுத்துக் கொடுத்தான். பித்தளை, தோல் உறை, மூடியின் உள்பக்கம் ஆங்கிலக் கவிதை. 6,200 ரூபாய். நன்றாகவே வேலை செய்கிறது. மதிப்பு என்ன இருக்கும்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ப: ஐயா, நீங்கள் ஆசிரியர், அந்தக் கவிதையைப் படித்துப் பார்த்தீர்களா? காட்டில் இரண்டு பாதை பிரிகிறது என்று ஆரம்பிக்குமே, ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதியது. அது அச்சில் வந்தது 1915-ல். 1885-ல் செய்த மூடிக்குள் அது எப்படிப் போய் உட்கார்ந்தது?

இந்தத் திசைகாட்டி ஆயிரக்கணக்கில் உலவுகிறது. ரூர்க்கி, மொராதாபாத் பக்கம் இவற்றை நேர்த்தியாகச் செய்கிறார்கள். செய்கிறவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் அலங்காரப் பொருளாகத்தான் மொத்த விலைக்கு விற்கிறார்கள். நடுவில் ஒருவர் வாங்கி, டீத்தண்ணீரில் ஊறவைத்த மாதிரி தோல் உறை ஒன்று மாட்டி, “பழைய கப்பல் கேப்டன் வீட்டிலிருந்து” என்று எழுதும்போதுதான் வம்பு.

முதல் உலகப்போரின் நிஜ ராணுவத் திசைகாட்டி எப்படி இருக்கும் என்றால், அலங்காரமே இருக்காது. வெர்னர் மாதிரி என்பார்கள். திசைகாட்டியின் பின்பக்கம் செய்தவர் பெயர், வரிசை எண், வருஷம், அந்தக் கோழிக்கால் அம்பு. இருட்டில் தடவிப் பார்க்கவேண்டிய சாமானில் யார் கவிதை பொறிப்பார்கள்?

பையனிடம் சொல்ல வேண்டாம். வடக்கு தெரிகிறதல்லவா, வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஏல விவரங்களில் “அட்ரிபியூட்டட் டு”, “பிலீவ்டு டு பி”, “எஸ்டேட் ஃபைண்ட்”, “ஆஸ் இஸ்” என்றெல்லாம் வருகிறதே, இவற்றுக்கு என்ன பொருள்? நீங்கள் ஏமாந்ததே இல்லையா? – வாசகர், திருநெல்வேலி

ப: இரண்டாவது கேள்விக்காகவே முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

நாலு வருஷம் முன்னால் நடந்தது. என் அப்பாவுக்குப் பாளையங்கோட்டை. அந்த ஊர்ப் பெயரிலேயே பழைய மதராஸ் படையில் ஒரு ரெஜிமென்ட் இருந்தது, 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படை, சுருக்கமாக பி.எல்.ஐ. முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், 1914 நவம்பரில் டாங்கா என்ற துறைமுகச் சண்டையில் நன்றாக அடி வாங்கிய படைகளில் அதுவும் ஒன்று. அந்த ரெஜிமென்டின் மெடல் ஒன்றாவது என் கையில் இருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆசை இருக்கிறவனை ஏமாற்றுவது சுலபம், திருநெல்வேலிக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு நாள் ராத்திரி வந்தது: “பிரிட்டிஷ் வார் மெடல், வெள்ளி. 63-வது பாளையங்கோட்டை வீரருக்கு வழங்கப்பட்டதாகக் கருதப்படுவது. டாங்கா போர்த் தொடர்பு. படத்தில் உள்ளபடியே.” ஆறு படங்கள். ராஜா தலை, குதிரைக்காரன், ரிப்பன், ரிப்பனின் பின்பக்கம், உள்ளங்கையில் வைத்து ஒன்று, மேஜையில் வைத்து ஒன்று. 14,500-க்கு எடுத்தேன்.

முதல் உலகப்போர் பிரிட்டிஷ் வார் மெடலில் பெயர் விளிம்பில் இருக்கும். எண், பதவி, பெயர், படை. அதுதான் மெடலின் உயிர். லட்சக்கணக்கில் அடித்த மெடல் அது, பெயர் இல்லாவிட்டால் வெறும் வெள்ளி வட்டம். ஆறு படத்தில் ஒன்றில்கூட விளிம்பு இல்லை. எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குக் கண்ணில் படவில்லை.

கூரியர் வந்தது. விளிம்பில் பெயர் இருந்தது, “63 பி.எல்.ஐ.” என்றும் இருந்தது. எழுத்துதான் இடித்தது. அசல் எழுத்து அச்சால் அழுத்தியது. ஆழம் ஒரே மாதிரி இருக்கும், வரிசை கோணாது. இது உளியால் கீறியது. ஒரு எழுத்து ஆழம், அடுத்தது மேலோட்டம், வெயிலில் சாய்த்தால் கீறலின் ஓரம் பளிச்சென்கிறது. காலிபரை எடுத்தேன். அந்த மெடல் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறுக்கே 36. மேலிருந்து கீழே 35.6. யாரோ பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, விலை போகிற ரெஜிமென்டின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அரத்துக்கு இரையான பெயர் யாருடையது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினாலாயிரம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

விற்றவருக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில்: “சார், ‘கருதப்படுவது’ என்றுதானே போட்டிருக்கிறேன்.” ஏலத் தளத்தில் புகார் கொடுத்தேன். விவரத்துக்கும் பொருளுக்கும் முரண்பாடு இல்லை என்று மூடிவிட்டார்கள்.

இப்போது உங்கள் அகராதி. “அட்ரிபியூட்டட் டு”, இன்னாருடையது என்று யாரோ சொன்னார்கள், யார் என்று கேட்காதே. “பிலீவ்டு டு பி” என்றால் நான் நம்பவில்லை, நீ நம்பிக்கொள். “எஸ்டேட் ஃபைண்ட்” என்றால் செத்துப்போனவர் வீட்டில் கிடைத்தது, அவரைக் கேட்கவா முடியும்? “ஆஸ் இஸ்” என்றால் ரிட்டர்ன் கிடையாது. “நான் இந்தத் துறையில் நிபுணன் இல்லை, படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று பணிவாக எழுதுகிறவரிடம் மட்டும் கூடுதல் ஜாக்கிரதை. அவர் இதுவரை விற்றதன் பட்டியலைத் திறந்து பாருங்கள், இருநூறு மெடல் இருக்கும். “பீரியட் ஸ்டைல்” என்றிருந்தால் அந்தக் காலத்து மாதிரி, அந்தக் காலத்தது அல்ல. இதை எழுதுகிறவர் கொஞ்சம் யோக்கியர், சொல்லிவிட்டார் பாருங்கள்.

டாங்கா என்று எழுதினால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மெடலில் எந்தப் போரின் பெயரும் இருக்காது. எங்கே சண்டை போட்டார் என்பதை மெடல் சொல்லாது, விற்பவர்தான் சொல்கிறார். அதேபோல் “டாங்கா வீரரின் 1914 ஸ்டார்” என்று வந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். 1914 ஸ்டார் என்ற நட்சத்திரப் பதக்கம் அந்த வருஷம் பிரான்ஸ், பெல்ஜியம் போனவர்களுக்கு மட்டும். ஆப்பிரிக்கா போனவருக்கு 1914-15 ஸ்டார். முதலாவதில் ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் பெயர்ச் சுருக்கம் இருக்கும். இரண்டாவதில் வருஷம் மட்டும்.

அந்த மெடல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விற்றால் நானும் ஏதாவது எழுத வேண்டி வரும்.

கே: ஜெர்மன் இரும்புச் சிலுவை, “இரண்டாம் உலகப்போர் வகை, ஸ்வஸ்திகா இல்லாத அரிய மாதிரி” என்று விற்கிறார்கள். உண்மையா? – கல்லூரி மாணவர், கோவை

ப: தம்பி, போர்க்காலத்துச் சிலுவையில் நடுவில் ஸ்வஸ்திகா, கீழே 1939. போர் முடிந்த பிறகு மேற்கு ஜெர்மனியில் அந்தச் சின்னத்தோடு அணியத் தடை. 1957-ல் சட்டம் போட்டு, ஸ்வஸ்திகாவை எடுத்துவிட்டு ஓக் இலை வைத்த வடிவத்தை அணியலாம் என்றார்கள். பழைய வீரர்கள் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். உங்கள் “அரிய மாதிரி” அதுவாகத்தான் இருக்கும். அரியதும் இல்லை, போர்க்காலத்ததும் இல்லை. “வகை” என்ற சொல்லைப் பார்த்தீர்களா?

கே: என் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது நேதாஜியின் படையில் சேர்ந்தவர். அவர் நினைவாக ஐ.என்.ஏ. பதக்கம் ஒன்று வாங்க ஆசை. “ஆசாத் ஹிந்த் பதக்கம், ஒரிஜினல் அச்சில் அடித்தது, பர்மா முனை 1944” என்று ஒன்று இருக்கிறது. தாத்தாவும் பர்மா போனவர். – வாசகி, காரைக்குடி

ப: அம்மா, உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம்.

ஆசாத் ஹிந்த் பதக்கங்களை நேதாஜி ஏற்படுத்தியது 1942-ல், அவர் ஜெர்மனியில் இருந்தபோது. அங்கே இருந்த இந்தியப் படைக்காக. செய்து கொடுத்தது வியன்னாவில் இருந்த பதக்கப் பட்டறை. போர் முடிந்த பிறகும் சேகரிப்பவர்களுக்காக அதே அச்சில் அடித்து விற்றார்கள். இப்போது “ஒரிஜினல் அச்சில் அடித்தது” என்பதைத் திரும்பப் படியுங்கள். அச்சு ஒரிஜினல் என்கிறார். அடித்த நாள் என்றைக்கு என்று சொன்னாரா? நேற்றைக்குச் சுட்ட முறுக்குக்கும் அச்சு பாட்டி காலத்து அச்சுதான்.

“பர்மா முனை 1944” என்பது அவராகச் சேர்த்தது. அந்தப் பதக்கங்கள் பெயர் பொறித்து வருவதில்லை. ஆகவே அது பர்மாவில் யார் சட்டையில் இருந்தது என்பதைப் பதக்கத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

ரிப்பன் பழையதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கடையில் கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கு இருக்குமே, அதை இருட்டில் ரிப்பன்மேல் காட்டுங்கள். பளீரென்று வெள்ளையாக மின்னினால் சந்தேகப்படலாம். அப்படி மின்ன வைக்கும் ரசாயனம் துணிகளில் பரவலாக வந்தது போருக்குப் பிறகு. ஆனால் பழைய ரிப்பனை யாராவது இந்தக் காலத்துச் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் மின்னும். மின்னாவிட்டால் அசல் என்றும் அர்த்தமில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தக் காசுக்குத் தாத்தாவின் தாள்களைத் தேடுவேன். தியாகி பென்ஷன் வாங்கினாரா? வாங்கியிருந்தால் விண்ணப்பத்தின் நகல், சான்று கொடுத்த சக வீரர்களின் கையெழுத்து எல்லாம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கும். அதை ஃபிரேம் போட்டு மாட்டுங்கள். அதில் அவர் பெயர் இருக்கிறதே.

கே: “பதினாலாவது ராணுவத்தில் போரிட்ட இந்திய சிப்பாயின் முழு செட்” என்று ஐந்து பதக்கங்கள்: 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார், டிஃபென்ஸ் மெடல், வார் மெடல். ஒரே கம்பியில் கோத்து அழகாக இருக்கிறது. எதிலும் பெயர் இல்லை. “இரண்டாம் உலகப்போர் பதக்கங்களில் பெயர் பொறிப்பதில்லை” என்கிறார் விற்பவர். சரியா? – வாசகர், திருச்சி

ப: பாதி சரி, அந்தப் பாதியை வைத்துத்தான் பிழைப்பு. இரண்டாம் உலகப்போருக்குப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. இந்திய வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தார்கள், ஸ்டார் என்றால் பின்பக்கம், வட்டப் பதக்கம் என்றால் விளிம்பில். அதனால் இவை போலி என்று நான் சொல்லமாட்டேன். அசல் பிரிட்டிஷ் வெளியீடாகவே இருக்கலாம். “இந்திய சிப்பாய்” மட்டும்தான் இங்கே கற்பனை.

இன்னொன்று, இதைப் பார்த்ததும் நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒரே ஆளுக்குக் கிடையாது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் முதலில் தகுதி பெற்ற ஸ்டார், அதன் ரிப்பன்மேல் மற்றதன் பெயர் போட்ட சின்னப் பட்டை, அவ்வளவுதான். கோத்தவர் ஸ்டார் கூடினால் விலை கூடும் என்று நினைத்திருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாரும் மோர்க்குழம்பும் சேர்த்து ஊற்றின மாதிரி.

ஒரே கம்பியில் இருப்பதால் ஒரே ஆளுடையது என்று நம்பாதீர்கள். கம்பி ஐம்பது ரூபாய்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்துக்குப் பிந்திய நம் ராணுவப் பதக்கங்கள், சைன்ய சேவா, 1965-ன் சமர் சேவா, 1971-ன் பூர்வி, பஸ்சிமி, சங்கராம் எல்லாவற்றிலும் பெயர் வரும். ஆனால் பழைய வீரர்கள் அசலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, அணிவகுப்புக்கு மாட்ட கன்டோன்மென்ட் கடையில் பெயரில்லாத ஒன்று வாங்கிக்கொள்வது சகஜம். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. பேரன் அதை ஏலத்தில் போட்டு “அசல், தாத்தா அணிந்தது” என்று எழுதும்போது அவன்கூட ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. தாத்தா அணிந்தாரே!

கே: கொள்ளுத்தாத்தாவின் 1914-15 ஸ்டாரை லண்டன் ஏலத்துக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். கூடவே ஒரு பயனெட்டும் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) இருக்கிறது. – வாசகர், மதுரை

ப: அனுப்பாதீர்கள். 1972-ம் வருஷத்துப் பழம்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த ஸ்டார் நூறு தாண்டிவிட்டது. பார்சலில் “பழைய பட்டன்” என்று எழுதி அனுப்பச் சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. கவுண்டரில் இருந்தபோது அப்படிப்பட்ட பார்சல்களை நானே பார்த்திருக்கிறேன், போய்ச் சேராது. பயனெட் ஆயுதச் சட்டத்தின் பட்டியலில் வருவது. ஏலம், கூரியர் என்று இறங்குவதற்கு முன் காவல் நிலையத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் ஊர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். தாத்தா ராணுவத்தில் பாலம், சாலை போடும் மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். அவருடைய மூன்று பதக்கங்கள் என்னிடம் இருக்கின்றன: 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல். வீட்டுக் கஷ்டம், விற்றுத்தான் ஆகவேண்டும். ஏலத்தில் போட விவரம் எப்படி எழுதுவது? உறவுக்காரப் பையன் எழுதிக் கொடுத்ததை இணைத்திருக்கிறேன். – வாசகி

ப: அம்மா, பையன் எழுதியதைப் படித்தேன். “ஜப்பானியரை விரட்டிய மாவீரனின் அரிய பொக்கிஷம், மியூசியம் தரம்.” அவன்மேல் தப்பில்லை, மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் தம்பி, சித்தப்பா பிள்ளைகள் எல்லோரையும் கேட்டுவிட்டீர்களா? விற்ற பிறகு “எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா” என்று ஒருவர் வருவார். எப்போதும் வருவார்.

புளி போட்டுத் துலக்காதீர்கள். படம் எடுப்பதற்கு முன் பளபளவென்று இருக்கட்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். அந்தக் கறுப்பு எழுபத்தைந்து வருஷத்துக் கறுப்பு, வாங்குகிறவர் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். தேய்த்தால் பெயரின் எழுத்தும் மழுங்கும்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து, ஸ்டார்களின் பின்பக்கம், வார் மெடலின் விளிம்பு, எழுத்து எழுத்தாகப் படம் எடுங்கள். அந்த எண்ணும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், விலாசம் இருக்கும் இடத்தை மறைத்துவிட்டு. புத்தகம் இல்லையென்றால் பெங்களூரில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கு எண்ணையும் பெயரையும் குறித்து எழுதிப் பாருங்கள். மூன்றையும் தனித்தனியாக விற்கச் சொல்வார்கள். பிரிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இருந்ததை வைத்து நானே எழுதிவிட்டேன். அப்படியே போடலாம்:

“இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்கள் மூன்று: 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல். மூன்றிலும் ஒரே எண்ணும் பெயரும் பொறித்திருக்கின்றன, படங்கள் பார்க்கவும். மதராஸ் சாப்பர்ஸ் வீரர். விற்பவர் அவருடைய பேத்தி. வார் மெடலின் விளிம்பில் ஓர் இடத்தில் அடிபட்ட வடு உண்டு, நான்காவது படம். பர்மா ஸ்டாரின் ரிப்பன் எலி கடித்ததால் சில வருஷம் முன்னால் மாற்றியது, மற்ற இரண்டும் பழையவை. துலக்கவில்லை. ஐராவதி ஆற்றில் பாலம் கட்டினார் என்று வீட்டில் சொல்வார்கள், அதற்குத் தாள் எதுவும் இல்லை. பிடிக்காவிட்டால் பத்து நாளில் திருப்பி அனுப்பலாம்.”

எலி கடித்ததை எழுதினால் விலை குறையாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறையும். ஆனால் இதைப் படிக்கிற என்னைப் போன்ற கிழவன் ஒருவன் காலிபரை மூடி வைத்துவிட்டு ஏலம் கேட்க ஆரம்பிப்பான். ஏலம் எந்த ஞாயிற்றுக்கிழமை முடிகிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.